நெல்லுக்கு ஆதரவு விலை: அறிவிப்பிலிருந்து ரேஷன் கடை வரை

ஒவ்வொரு வருடமும் குறுவை சாகுபடி தொடங்கும் நேரத்தில் ஒரு செய்தி வரும். நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு உயர்த்தியது என்பார்கள். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு (100 கிலோ) 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய் என்று அறிவித்தார்கள். தமிழக அரசு தன் பங்குக்கு 131 ரூபாயும் 156 ரூபாயும் ஊக்கத்தொகை சேர்த்ததால் இங்கே அது 2,500 ரூபாயாகவும் 2,545 ரூபாயாகவும் ஆனது. இதைப் படிக்கிற பலர், இனிமேல் நாட்டில் நெல் இந்த விலைக்குக் கீழே விற்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அறிவிப்பு அப்படி எதையும் சொல்லவில்லை. "நான் வாங்கினால் இந்த விலைக்கு வாங்குவேன்" என்று அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மட்டும்தான் ஆதரவு விலை. வியாபாரியை அது கட்டுப்படுத்தாது. அவர் 1,900 ரூபாய்க்குக் கேட்டால் அது குற்றம் ஆகாது, விவசாயி கொடுத்தாலும் ஆகாது.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், நம் நாட்டில் உணவு தானியம் எப்படி நகர்கிறது என்பதில் பாதி பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன். விலை காகிதத்தில் இருக்கிறது. அது காசாக மாற வேண்டுமென்றால் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தராசும், சாக்கும், வாங்குவதற்குப் பணத்தோடு ஓர் ஆளும் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் கொள்முதல். கொள்முதல் இருக்கிற இடத்தில் ஆதரவு விலை உண்மை, இல்லாத இடத்தில் அது வெறும் எண்.

முதலில் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது 22 பயிர்களுக்கு விலையைப் பரிந்துரைக்கும் (கரும்புக்குத் தனிக் கணக்கு), மத்திய அமைச்சரவைக் குழு முடிவு செய்யும். பரிந்துரைக்கும்போது சாகுபடிச் செலவை மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். விதை, உரம், மருந்து, கூலி, டீசல், எடுத்த நிலத்துக்குக் கொடுத்த குத்தகை என்று கையிலிருந்து போன செலவு மட்டும் சேர்த்தால் அது ஏ2. வீட்டு ஆட்கள் வயலில் இறங்கிச் செய்த வேலைக்கும் ஒரு கூலி மதிப்புப் போட்டு அதோடு சேர்த்தால் ஏ2+எஃப்எல். அதற்கும் மேலே, சொந்த நிலத்தை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும், போட்ட முதலுக்கு வட்டி என்ன என்பதையும் சேர்த்தால் சி2. 2018-19 முதல் அரசு ஏ2+எஃப்எல் கணக்கை எடுத்து அதில் ஒன்றரை மடங்கை விலையாக வைக்கிறது. 2025-26-க்கு அந்தச் செலவு 1,579 ரூபாய் என்று போட்டார்கள், ஒன்றரை மடங்கு 2,369. விவசாய சங்கங்கள் கேட்பது சி2-வின் ஒன்றரை மடங்கை. அப்படிப் போட்டால் நெல் விலை 3,000 ரூபாயைத் தாண்டும். 2004 முதல் 2006 வரை செயல்பட்ட, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வேண்டும் என்றது. "எந்தச் செலவு?" என்ற சண்டை அங்கிருந்துதான் இன்றுவரை ஓடுகிறது. இந்தக் கணக்கு அகில இந்தியச் சராசரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி அதிகமாக இருக்கும் மாநிலத்தில் ஒரு விவசாயிக்கு ஆகும் செலவு அந்த 1,579-ஐ எளிதாகத் தாண்டும்.

சரி, அரசு எதற்காக நெல்லும் கோதுமையும் வாங்க ஆரம்பித்தது? 1960-களின் நடுவில் நாடு சாப்பாட்டுக்கே தவித்த காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்ததில் 1966-ல் இறக்குமதி ஏறக்குறைய 1 கோடி டன்னைத் தொட்டது. அடுத்த கப்பல் வருமா வராதா என்பது வெளிநாட்டு அரசின் கையில் இருந்தது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் சேர்ந்தாற்போல உருவாயின. உணவுக் கழகத்தின் தலைமையகம் முதலில் சென்னையில்தான் இருந்தது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. நெல் விளையும் இடத்திலிருந்தே தொடங்கினார்கள்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு ஓர் ஆட்சியையே மாற்றியது. 1967 தேர்தலில் தி.மு.க. சொன்ன "ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற வாக்குறுதியை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். அரிசி விலை இங்கே வெறும் பொருளாதார விஷயமாக இருந்ததே இல்லை.

ஆக, ஆரம்பத்திலேயே இரண்டு நோக்கம் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டது. விளைவிக்கிறவருக்கு விலை விழாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் புது ரக விதையும் உரமும் போட்டுத் துணிந்து சாகுபடி செய்வார். வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு விலை எகிறாமல் இருக்க வேண்டும். அரசு நடுவில் நின்று ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் கொடுக்கிறது. கொள்முதல் நிலையமும் ரேஷன் கடையும் ஒரே வாய்க்காலின் தலைமடையும் கடைமடையும். ஒன்றில் என்ன நடந்தாலும் இன்னொன்றில் தெரியும். இதை நாம் தனித்தனித் திட்டமாகப் பார்ப்பதால்தான் பல விவாதங்கள் குழம்புகின்றன.

களத்துமேட்டில் என்ன நடக்கிறது

தமிழ்நாட்டில் நெல் வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 2002-லிருந்து உணவுக் கழகத்தின் சார்பில் மாநிலமே வாங்கி, அரைத்து, தன் ரேஷன் கடைகளுக்கே கொடுத்துக்கொள்கிற ஏற்பாடு இது. அறுவடை நேரத்தில் டெல்டா முழுக்க நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறப்பார்கள், ஊர்க்காரர்கள் டிபிசி என்பார்கள். விவசாயி சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். முறை வரும்போது நெல்லைக் கொண்டுபோய்க் களத்தில் கொட்டுவார். பதரும் கருக்காயும் தூற்றி எடுப்பார்கள், ஈரப்பதம் பார்ப்பார்கள், 40 கிலோ சிப்பமாக எடை போட்டுச் சாக்கைத் தைப்பார்கள், பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். காகிதத்தில் இவ்வளவுதான்.

இதில் பெரிய சண்டை ஈரப்பதத்தில்தான். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் வாங்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. விதியில் நியாயம் இருக்கிறது. ஈர நெல்லை அடுக்கி வைத்தால் உள்ளே சூடு ஏறும், நிறம் மாறும், முளைக்கும், அரைத்தால் நொறுங்கும். ஆனால் குறுவை அறுவடை வருவது செப்டம்பர், அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிற நேரத்தில். வடக்கே அக்டோபர் என்றால் வானம் வெளுத்த மாதம். இங்கே அது குடை பிடிக்கும் மாதம். ஒரே விதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. அதனால்தான் மாநில அரசு வருடா வருடம் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கடிதம் எழுதுகிறது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகிறது, சில வருடம் தளர்த்துகிறார்கள். 2025 அக்டோபரிலும் 22 சதவீதம் வரை அனுமதி கேட்டார்கள். கடிதம் போய் உத்தரவு வருவதற்குள் நெல் சாலையோரத்தில் தார்பாய்க்குக் கீழே கிடக்கும். இதை வருடந்தோறும் தனித்தனியாகக் கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயமாக வைத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. மழை வரும் மாதம் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பு ஆட்கள் அறுத்து, கட்டி, அடித்து, காயவைத்துக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். இப்போது அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுகிறது. ஒரு பகுதியின் நெல் முழுவதும் சில நாட்களுக்குள், ஈரத்தோடு, ஒரே நிலையத்து வாசலில் வந்து நிற்கிறது. நிலையத்தில் அடுக்கிய மூட்டைகளை லாரி வந்து ஏற்றிப் போனால்தான் அடுத்த நெல் வாங்க இடம் கிடைக்கும். லாரி வராவிட்டால், சாக்கு தீர்ந்துவிட்டால், சுமைதூக்கும் தொழிலாளர் போதாவிட்டால் கொள்முதல் நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் "அரசு நெல் வாங்க மறுக்கிறது" என்று தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் பிரச்சினை இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு கிடங்கில் இடமில்லாததாக இருக்கும்.

காத்திருக்க முடிகிறவர் காத்திருப்பார். முடியாதவர் வியாபாரியிடம் போவார். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 20 குவிண்டால் நெல் விளைந்தது, நிலையத்தில் 2,500, வியாபாரி 1,900 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 12,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது. தெரிந்தே ஏன் கொடுக்கிறார்? அறுவடை இயந்திர வாடகை உடனே கொடுக்க வேண்டும், நகை அடகில் இருக்கிறது, காயவைக்க இடமில்லை, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. சில சமயம் சாகுபடிக்குக் கடன் கொடுத்ததே அந்த வியாபாரிதான், அப்போது பேரத்துக்கே இடமில்லை. நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறார்கள் என்ற புகாரும் வருடா வருடம் செய்தித்தாள்களில் வருகிறது, அது உண்மையாக இருக்கும் இடங்களில் 2,500 என்பது 2,500-ஆக இருக்காது.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் சிக்கல். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய. சிட்டா ஒருவர் பெயரில், உழுகிறவர் வேறொருவர். வாய்வழிக் குத்தகையில் பயிர் செய்கிறவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கினால் விற்கலாம், ஆனால் நிலத்துக்காரர் தன் நிலத்தில் இன்னொருவர் சாகுபடி செய்ததாகப் பதிவு வருவதையே விரும்ப மாட்டார். அதனால் நெல் இன்னொருவர் பெயரில் விற்கப்படுவதும், பணம் இன்னொருவர் கணக்குக்குப் போய்த் திரும்பி வருவதும் நடக்கிறது.

இவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறது என்றாலே வியாபாரி கேட்கும் விலை ஏறிவிடும். நிலையத்துக்கே போகாத விவசாயிக்கும் அந்தத் தராசு கொஞ்சம் காசு கொடுக்கிறது. அதனால்தான் நிலையம் திறக்கத் தாமதமானால் மறியல் நடக்கிறது. வாங்காமல் போனாலும் பரவாயில்லை, திறந்தாவது வையுங்கள் என்கிற அளவுக்கு அதன் இருப்புக்கே ஒரு மதிப்பு.

தராசு இல்லாத ஊரில்

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லும் கோதுமையும் பெரும்பகுதி அரசு கொள்முதலுக்கே போகிறது. ஊருக்கு ஊர் மண்டி, நல்ல சாலை, நெல்லை இறக்கிச் சுத்தம் செய்து எடை போட்டுக்கொடுக்க ஆர்த்தியா என்கிற கமிஷன் முகவர் என்று அறுபது வருடமாகக் கட்டிய அமைப்பு அங்கே இருக்கிறது. பீகாரில் அதே நெல்லுக்கு அதே ஆதரவு விலைதான். ஆனால் 2006-ல் அந்த மாநிலம் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தையே எடுத்துவிட்டது, கொள்முதல் அமைப்பும் பலவீனம். நிறைய விவசாயிகள் ஆதரவு விலைக்குக் கீழேதான் விற்கிறார்கள், அந்த நெல் லாரியேறி வேறு மாநில மண்டிக்குப் போய் முழு விலைக்கு விற்கப்படுவதாகவும் செய்திகள் வருவதுண்டு. ஒரே நாடு, ஒரே அறிவிப்பு, ஆனால் விவசாயி கையில் வருவது வேறு.

உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி ஆராய்ந்த சாந்தகுமார் தலைமையிலான உயர்மட்டக் குழு 2015-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் வரும். 2012-13-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து, நாட்டின் விவசாயக் குடும்பங்களில் சுமார் 6 சதவீதம்தான் ஆதரவு விலைக்கு அரசு முகமைகளிடம் விற்கின்றன என்றது. அந்த எண்ணை வைத்து "6 சதவீதத்துக்குத்தானே, இது எதற்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண் வேறு மாதிரி படுகிறது. மீதி இருப்பவர்களில் துவரை, உளுந்து, நிலக்கடலை, சோளம், கேழ்வரகு போடுகிறவர்கள் எத்தனை பேர்? பட்டியலில் அவர்கள் பயிருக்கும் விலை இருக்கிறது. வாங்குகிற ஆள்தான் இல்லை, அல்லது வந்தாலும் கொஞ்ச நாள் வந்து கொஞ்சம் வாங்கிவிட்டுப் போகிறார்.

இதன் விளைவை ரேஷன் கடையிலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவது. பருப்பில் நாடு மியான்மரையும் மொசாம்பிக்கையும் தான்சானியாவையும் நம்பியிருக்கிறது, நம் கடைகளில் கனடா மஞ்சள் பருப்பு கொடுத்த காலமும் உண்டு. நெல்லுக்கும் கோதுமைக்கும் வாங்க ஆள் உறுதி என்பதால் தண்ணீர் கிடைக்கிற விவசாயி அதையே போடுகிறார். பருப்பும் எண்ணெய் வித்தும் மானாவாரிக் காட்டில், விலைக்கு உறுதி இல்லாமல், மழையை நம்பி நிற்கின்றன. பஞ்சாபில் இதற்கு நிலத்தடி நீர் விலை கொடுத்தது. கோதுமை மண்ணான அங்கே இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டி நெல் போட்டார்கள், நீர்மட்டம் இறங்கியது, கடைசியில் வெயில் உச்சத்தில் நாற்று நடக் கூடாது என்று 2009-ல் சட்டமே போட வேண்டி வந்தது. விவசாயியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. விலை உறுதி எங்கே இருக்கிறதோ அங்கே யாராக இருந்தாலும் போவார்கள்.

எதிர்ப் பக்கமாகவும் ஒரு வருடம் நடந்தது. 2022-ல் மார்ச் மாதமே வெப்ப அலை அடித்துக் கோதுமை விளைச்சல் குறைந்தது, உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை ஏறியது. ஆதரவு விலை 2,015 ரூபாய், வெளியே அதைவிட அதிகம். விவசாயிகள் வியாபாரிகளிடம் கொடுத்தார்கள். முந்தைய வருடம் 433 லட்சம் டன் வாங்கிய அரசுக்கு அந்த வருடம் கிடைத்தது 188 லட்சம் டன்தான். மே மாதம் 13-ம் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், சில மாநிலங்களுக்கு ரேஷனில் கோதுமைக்குப் பதில் அரிசி போனது. ஆதரவு விலை தரை மாதிரி வேலை செய்ய வேண்டியது, கூரை ஆக அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஏற்றுமதித் தடை வரும்போது கூரையும் வந்துவிடுகிறது. விலை விழும்போது எல்லோரையும் தாங்காத அரசு, விலை ஏறும்போது மட்டும் எல்லோரையும் தடுக்கிறது என்ற விவசாயிகளின் கோபத்தை நான் முழுவதும் புரிந்துகொள்கிறேன். பாதிப்பு எல்லையோடும் நிற்பதில்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு ஏற்றுமதித் தடை போட்டு 2024 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். உலக அரிசி வியாபாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது என்பதால் ஆப்பிரிக்காவில் நம் அரிசியை வாங்கிச் சாப்பிடுகிற ஏழை நாடுகளில் விலை ஏறியது.

இலவச அரிசியின் விலை

வாங்கிய நெல் அரவை ஆலைக்குப் போகும். 100 கிலோ நெல் கொடுத்தால் ஆலைக்காரர் 68 கிலோ புழுங்கல் அரிசி அல்லது 67 கிலோ பச்சரிசி திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 2,369 ரூபாய் நெல்லை 68-ஆல் வகுத்துப் பாருங்கள், கிலோவுக்கு 35 ரூபாய் நெல்லுக்கே ஆகிவிட்டது. சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி, அரவை, கிடங்கு வாடகை, போட்ட பணத்துக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோ அரிசிக்கு அரசுக்குச் சுமார் 40 ரூபாய். கடையில் அதை வாங்குகிறவர் கொடுப்பது பூஜ்யம். இந்த இடைவெளிக்குப் பெயர்தான் உணவு மானியம். மத்திய அரசுக்கு இது வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம் கோடி ரூபாய். அதில் ஒரு பகுதி விவசாயிக்கும் ஒரு பகுதி சாப்பிடுகிறவருக்கும் போகிறது, இன்னொரு பகுதி நடுவில் மூட்டையைச் சுமப்பதற்கும் வைப்பதற்கும் கரைகிறது. மானியம் ஏறினால் ஏழைக்கு அதிகம் கொடுத்தார்கள் என்று அர்த்தம் இல்லை, மூட்டை அதிக நாள் கிடங்கில் தூங்கினாலும் ஏறும்.

கிடங்கில் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். அறுவடை வருடத்தில் இரண்டு மூன்று தடவை, பசி தினமும். ஒரு வருடம் மழை இல்லாமல் போகலாம். அதனால் ஏப்ரல் 1 அன்று 210 லட்சம் டன், கோதுமை வந்து சேர்ந்தபின் ஜூலை 1 அன்று 411 லட்சம் டன் அரிசியும் கோதுமையும் மத்தியத் தொகுப்பில், அதாவது மத்திய அரசின் தானியக் கையிருப்பில், இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சிக்கல் அதைத் தாண்டும்போது வருகிறது. 2001-ல் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் இருந்தது. அதே வருடம் ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் வறட்சியில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். தானியம் இருந்தது, அதை வாங்கக் கையில் காசில்லை, இலவசமாகக் கொடுக்க உத்தரவும் இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் வந்த உத்தரவுகளால்தான் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு நாடு முழுக்கக் கட்டாயமானது, அந்த வழி நீண்டு 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிக ஏழ்மையான அந்த்யோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. பசிக்குக் காரணம் எப்போதும் விளைச்சல் குறைவுதான் என்று நம்புகிறவர்களுக்கு நான் அந்த 2001-ஐத்தான் காட்டுவேன்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் தனி வழியில் போனது. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்து வேறு வேறு விலை வைத்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை, எல்லோருக்கும் ரேஷன் என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். வசதியானவருக்கும் எதற்கு என்ற கேள்வி வரும். யார் ஏழை என்று பட்டியல் போடுகிற வேலையில் உண்மையான ஏழை விடுபட்டுப்போவதுதான் அதிகம். முகவரி இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், யாரிடமும் போய்க் கேட்கத் தெரியாதவர்தான் முதலில் விடுபடுவார். எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் குறை நடந்தால் சத்தம் போடுகிற ஆளும் வரிசையில் நிற்பார். செலவு கூடுதல்தான், மாநிலம் அதைத் தன் கையிலிருந்து போடுகிறது. கசிவும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உள்ளே பூஜ்யம், வெளியே நல்ல விலை என்று இருக்கும் எந்தப் பொருளும் நகரத்தான் பார்க்கும். ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாகப் பக்கத்து மாநிலத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போய்ப் பிடிபடும் செய்தி வாராவாரம் வருகிறது.

அப்படியென்றால் அரிசிக்குப் பதில் பணமாகக் கொடுத்துவிடலாமே என்பார்கள். புதுச்சேரியில் 2015-ல் அதைத்தான் தொடங்கினார்கள், காலப்போக்கில் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. கணக்கில் வந்த பணம் அரிசி விலை ஏறும்போது கூடவே ஏறாது, வீட்டில் வேறு செலவுக்கும் போய்விடும். கடையைத் திற என்ற குரல் ஓயவே இல்லை, 2024-ல் மறுபடி திறந்து அரிசி கொடுத்தார்கள். கர்நாடகத்தில் வேறு மாதிரி: 2023-ல் கூடுதல் 5 கிலோ கொடுக்க மாநிலம் பணத்தோடு தயாராக இருந்தும் மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி விற்க மறுத்துவிட்டார்கள், அதனால் கிலோவுக்கு 34 ரூபாய் என்று பணமாகப் போட்டார்கள். 2025-ல் அதுவும் அரிசிக்கே திரும்பியது. பணமாகக் கொடுப்பதைப் பேசும்போது பலர் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு: ரேஷன் கடை அரிசி எடுக்காவிட்டால் கொள்முதல் நிலையம் வாங்கிய நெல்லை என்ன செய்யும்? கடையை மூடினால் கொஞ்ச வருடத்தில் தராசையும் எடுத்துவிடுவார்கள்.

மண்டிக்கு வெளியே தனியார் வாங்க வழிவிட்டது உட்பட 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்த பஞ்சாப், ஹரியானா விவசாயிகளின் பயமும் அதுதான். சட்டங்கள் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிற்கிறது. நான் அந்தக் கோரிக்கையின் பக்கம்தான், ஆனால் "இந்த விலைக்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது" என்று மட்டும் சட்டம் போட்டால், விலை விழும் வருடத்தில் வியாபாரி வாங்காமலே இருந்துவிடுவார், விவசாயி சரக்கோடு நிற்பார். சட்டத்தோடு தராசும் கிடங்கும் வாங்கிய பொருளுக்குப் போக்கிடமும் வர வேண்டும்.

அதைச் சின்ன அளவில் செய்து பார்த்த இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக்கு ரொம்ப நாளாக ஆதரவு விலை காகிதத்தில் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. நுகர்பொருள் வாணிபக் கழகம் அங்கே கேழ்வரகு வாங்க ஆரம்பித்தது. வாங்கியதை 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் வைத்து, 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு என்று கொடுத்தார்கள். களி தின்று பழகிய மாவட்டத்தில் விளைந்தது அங்கேயே அடுப்புக்குப் போனது, பஞ்சாபிலிருந்து லாரி ஏற வேண்டிய அவசியம் இல்லாமல். 2025-26-க்குக் கேழ்வரகின் ஆதரவு விலை 4,886 ரூபாய், நெல்லைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், தண்ணீரோ நெல்லைவிடக் குறைவாகத்தான் கேட்கும். உளுந்துக்கும் துவரைக்கும் இதே ஏற்பாட்டை முதலில் எந்தெந்த மாவட்டத்தில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், மானாவாரியில் அவை ஏற்கெனவே விளைகிற தூத்துக்குடி, விருதுநகர் பக்கமும், சம்பாவுக்குப் பின் நெல் தரிசில் உளுந்து தெளிக்கிற டெல்டாவும் என்றுதான் சொல்வேன்.